காரை விட்டு இறங்காத அப்பா

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, படிவம் ஐந்து. ராத்திரியில் மோட்டார் ரேஸ் விட்டுப் போலீசில் மாட்டிக்கொண்டான். நான்தான் நிலையத்துக்குள் போய்ப் பேசி அழைத்து வந்தேன். அவர் காரிலேயே இருந்தார், அவருக்குப் பேச வராது. இப்போது பையன் 'ரெபெல் வித்அவுட் எ காஸ்' என்ற பழைய ஆங்கிலப் படத்தையே போட்டுப் போட்டுப் பார்க்கிறான். அதில் வருவதுபோல் சிவப்பு ஜாக்கெட்டும் வாங்கிவிட்டான். படம் கெடுத்துவிடுமோ? திங்கட்கிழமை கட்டொழுங்கு ஆசிரியர் வேறு வரச் சொல்லியிருக்கிறார்.
- ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஜாக்கெட் என்ன நிறம் என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். பெற்ற தகப்பன் காரிலேயே இருந்ததைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். பேச வராதா, பேச விடவில்லையா? "நீங்க வந்தா காரியம் கெட்டுடும், உட்காருங்க" என்று சொன்னது யாரம்மா?

1955இல் வந்த அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஜேம்ஸ் டீன் நடித்த பையனும் முதலில் போலீஸ் நிலையத்தில்தான் கிடக்கிறான், குடித்துவிட்டு. பிறகு திருட்டுக் காரில் பந்தயம். எதிராளிப் பையனின் ஜாக்கெட் கை கதவில் மாட்டிக்கொள்ள, காரோடு பாறை விளிம்பிலிருந்து விழுந்து சாகிறான். போலீசிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று இவன் துடிக்கிறான், வீட்டில் தடுக்கிறார்கள். எனக்காக எழுந்து நிற்க மாட்டீர்களா என்று அப்பாவிடம் கெஞ்சுகிறான். அவர் வாயே திறப்பதில்லை. உங்கள் மகன் திரும்பத் திரும்பப் பார்ப்பது கார் பந்தயத்தை என்றா நினைத்தீர்கள்?

அந்த அப்பா ஏப்ரன் கட்டுவதைப் படம் கேலி செய்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் ரசம் வைப்பது என் கணவர்தான். ஆனால் மனைவிக்குக் கொண்டுபோன சாப்பாட்டுத் தட்டு கொட்டியதும், அவள் பார்ப்பதற்குள் துடைத்துவிட வேண்டுமென்று முட்டி போடுகிறாரே, அதைத்தான் மகனால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், சாப்பாடு போடாமல்கூட இருங்கள். போலீஸ் நிலையத்தில் பிள்ளை தலை குனிந்து நிற்கும்போது தகப்பன் பக்கத்தில் நின்றாக வேண்டும். அந்த வெட்கத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அதை நீங்கள் ஒருத்தியே சுமந்துகொண்டு வந்தீர்கள். கொஞ்சம் பெருமையோடுதான் சுமந்தீர்கள் என்றும் உங்கள் கடிதம் சொல்கிறது.

ஜாக்கெட்டை அவன் போட்டுக்கொள்ளட்டும். திங்கட்கிழமை உங்கள் கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகட்டும். ஆசிரியர் எதிரில் அவருக்கு மலாய் திக்கினால் திக்கட்டும், நீங்கள் குறுக்கே பேசக் கூடாது. அது உங்களால் முடியாதென்றால், இந்த முறை நீங்கள் காரிலேயே இருங்கள்.