வாங்குவோர் கேள்வி-பதில்: தொண்ணூறு புள்ளி எடுத்த கேமும் ஓடாத இயந்திரமும்

பாடசாலை விடுமுறை தொடங்கியதிலிருந்து வீடியோ கேம் பற்றிய கடிதங்கள்தான் அதிகம் வருகின்றன. இடம் கருதி அவற்றைச் சுருக்கியிருக்கிறேன். கடைகளின் பெயர்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: பம்பலப்பிட்டியில் பிளேஸ்டேசன் 5 கேம் இயந்திரத்தின் டிஜிட்டல் வகையை வாங்கினேன். அண்ணா டுபாயிலிருந்து ஆறு கேம் இறுவட்டுகள் கொண்டுவந்திருக்கிறார். அவற்றைப் போடுவதற்கு இடத்தைக் காணவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (தெஹிவளை வாசகர்)

பதில்: இல்லை. டிஜிட்டல் வகை என்றால் இறுவட்டு போட இடமில்லாதது என்றே பொருள். விலை குறைவாக இருந்ததற்கும் அதுவே காரணம். உங்களுடையது 2023 இன் இறுதியில் வந்த மெலிந்த வடிவமாக இருந்தால் இறுவட்டு இயக்கியைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். அதற்கு முந்தியதாக இருந்தால் ஆறு இறுவட்டுகளையும் அண்ணாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு கேமுக்கு விமர்சகர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கொடுக்கிறார்கள். அதே பக்கத்தில் பொதுமக்கள் பத்துக்கு மூன்று, நான்கு என்கிறார்கள். யாரை நம்பிப் பணத்தைக் கொடுப்பது? (வெள்ளவத்தை மாணவர்)

பதில்: இரண்டு எண்களையும் நம்ப வேண்டாம். இந்த விடயத்தில் வாயைத் திறந்தால் நான் இலேசில் மூடமாட்டேன் என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறீர்கள் போலும்.

முதலில் விமர்சகர் புள்ளியை எடுத்துக்கொள்வோம். மெட்டாகிரிட்டிக் தளம் காட்டும் எண் பல இதழ்களின் புள்ளிகளைத் திரட்டிய சராசரியாகும். அதிலே எந்த இதழுக்கு எவ்வளவு நிறை கொடுக்கப்படுகிறது என்பதை அந்தத் தளம் வெளியிடுவதில்லை. நம்முடைய பரீட்சையில் 75 எடுத்த பிள்ளைக்கு ஏ சித்தி கிடைக்கிறது, வீட்டில் பாற்சோறு பொங்குகிறார்கள்; கேம் உலகில் 75 எடுத்ததை வாங்குவோர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நூறு படிகள் உள்ள ஏணியில் மேலே உள்ள இருபத்தைந்து படிகளில் மட்டும் எல்லோரும் நெரிபட்டு நின்றால், 84க்கும் 85க்கும் இடையில் வாங்குபவருக்கு என்ன வேறுபாடு தெரியப்போகிறது? ஆனால் உருவாக்கியவர்களுக்குத் தெரிந்தது. 2010 இல் வெளியான ஃபோல்அவுட்: நியூ வேகாஸ் விளையாட்டுக்கு மெட்டாகிரிட்டிக்கில் 85 கிடைத்தால் அதை உருவாக்கிய ஒப்சிடியன் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை என்பது வெளியீட்டாளருடன் செய்துகொண்ட உடன்பாடு. கிடைத்தது 84, ஊக்கத்தொகை போயிற்று. ஒரு நிறுவனத்தின் வருமானம் தொங்கும் கயிறாக அந்த எண் மாறிய பிறகு, அது நமக்காகத்தான் கணக்கிடப்படுகிறது என்று நினைத்துக்கொள்வது வெகுளித்தனம்.

அடுத்து, விமர்சகர் எதை விளையாடினார் என்று கேளுங்கள். சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு வெளியானது 2020 டிசெம்பர் 10 ஆம் திகதி. அதற்கு முன்பு விமர்சகர்களுக்கு வழங்கப்பட்டது கணினிக்கான பிரதி மட்டுமே. தாம் விளையாடிய காட்சிகளை அப்போது வெளியிடவும் அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. தொண்ணூறை ஒட்டிய புள்ளிகள் வந்து குவிந்தன. அவற்றை நம்பிப் பழைய பிளேஸ்டேசன் 4 இல் வாங்கியவர்கள் கண்டது முகம் உருப்பெறாத மனிதர்களையும், இடைநடுவில் நின்றுபோகும் விளையாட்டையும்தான். எட்டே நாட்களில், பிளேஸ்டேசனைத் தயாரிக்கும் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. 2021 ஜூன் மாதம்வரை அது கடைக்குத் திரும்பவில்லை. விமர்சகர்கள் எழுதிய புள்ளியில் பொய் இருக்கவில்லை, ஆனால் அந்தப் புள்ளி வேறொரு பொருளுக்குரியது.

பொதுமக்கள் புள்ளியும் இதைவிட மேலானதல்ல. 2020 ஜூன் 19 ஆம் திகதி த லாஸ்ட் ஒஃப் அஸ் இரண்டாம் பாகம் வெளியானபோது, முடிப்பதற்கு இருபது மணித்தியாலத்துக்கு மேல் தேவைப்படும் ஒரு விளையாட்டுக்கு முதல் நாளிலேயே ஆயிரக்கணக்கானோர் பூச்சியம் போட்டார்கள். அவர்களுக்கு எப்படி நேரம் கிடைத்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அதன் பின்னர் ஒரு கேம் வெளியாகி 36 மணித்தியாலம் கழிந்தே பொதுமக்கள் புள்ளியிடலாம் என்று மெட்டாகிரிட்டிக் விதித்தது. கோபக்காரன் 36 மணித்தியாலம் காத்திருக்கமாட்டான் என்று நினைத்தார்கள்போலும்.

கணினிக் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தின் முறை வேறு, அதையும் பலர் தவறாக வாசிக்கிறார்கள். அங்கே 78 சதவீதம் என்றால் 78 புள்ளி என்று பொருளல்ல. எழுதியவர்களில் நூற்றுக்கு 78 பேர் "பரிந்துரைக்கிறேன்" என்று அழுத்தியிருக்கிறார்கள் என்பதே பொருள். எல்லோரும் "பரவாயில்லை" என்று நினைத்து அழுத்தினாலும் நூறு வரும். ஆனால் ஸ்டீமில் எனக்குப் பிடித்த ஓர் எண் உண்டு: ஒவ்வொரு மதிப்புரைக்கும் பக்கத்தில் எழுதியவர் எத்தனை மணித்தியாலம் விளையாடினார் என்று போட்டிருப்பார்கள். நாற்பது, ஐம்பது மணித்தியாலம் விளையாடிவிட்டுப் "பரிந்துரைக்கவில்லை" என்று எழுதியவரைத் தேடிப்பிடித்து வாசியுங்கள். அவருக்கு அந்த விளையாட்டின் மேல் விருப்பமும் இருந்திருக்கும், அதன் குறைகளும் தெரிந்திருக்கும். பிறகு உங்களிடம் உள்ள அதே கிராபிக்ஸ் கார்டை வைத்திருப்பவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். மொத்த மதிப்புரைகளுக்கும் அண்மைய மதிப்புரைகளுக்கும் தனித்தனி எண்கள் இருக்கும். இரண்டும் பெரிதும் விலகி நின்றால் அண்மையில் ஏதோ நடந்திருக்கிறது. நோ மேன்ஸ் ஸ்கை 2016 ஓகஸ்டில் வெளியானபோது திட்டாதவர் இல்லை. ஆண்டுக்கணக்கில் இலவசமாகத் திருத்தித் திருத்தி அதை நல்ல விளையாட்டாக்கினார்கள். எண் பழசாகிவிடும், பொருள் மாறிவிடும். எதிர்த்திசையில் மாறியவையும் உண்டு.

கேள்வி: ஸ்டீமில் ஒரு கேம் வாங்கிப் பதினொரு மணித்தியாலம் விளையாடினேன். அலுத்துவிட்டது. பணத்தைத் திருப்பித்தர மறுக்கிறார்கள். இது நியாயமா? (நுகேகொடை வாசகர்)

பதில்: நியாயம்தான். வாங்கிப் பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குள் விளையாடியிருந்தால்தான் திருப்பித் தருவார்கள். 2015 இலிருந்து அதுவே விதி.

கேள்வி: மகனின் பரீட்சைப் பெறுபேற்றுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் புதிய கேம் இயந்திரம் என்று சொல்லி விற்றதை வாங்கினேன். வீட்டில் பெட்டியைத் திறந்தால் ஏற்கெனவே யாரோ பாவித்தது போலிருக்கிறது. கையில் பிடித்து விளையாடும் கொன்ட்ரோலரை மேசையில் வைத்தாலே திரையில் ஆள் தானாக இடப்பக்கம் நடக்கிறார். கடையில் சுவரில் எழுதியிருக்கும் அறிவித்தலைக் காட்டி, விற்ற பொருளைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்கிறார்கள். (வத்தளையிலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்களிடம் ஒரு தவறும் இல்லை. நீங்கள் கேட்டது புதியது, அவர்கள் கொடுத்தது பழையது. பாவித்த பொருளைப் புதியது என்று விற்றுவிட்டுச் சுவரில் ஒட்டிய தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கிறது.

இன்றைக்கே செய்யவேண்டியவை சில உண்டு. இயந்திரத்தின் பின்புறத்தில் உள்ள தொடரிலக்கத்தையும் அட்டைப்பெட்டியில் உள்ள தொடரிலக்கத்தையும் ஒன்றாக வைத்துப் படமெடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் உங்கள் பக்கம் பாதி வென்றுவிட்டது. ஆணிகளின் தலை சுரண்டப்பட்டிருக்கிறதா, காற்றுத் துவாரங்களுக்குள் தூசு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆள் தானாக நடப்பதைத் தொலைபேசியில் காணொளியாகப் பதிந்துகொள்ளுங்கள். பற்றுச்சீட்டில் "புதியது" என்று எழுதியிருக்கிறதா? வெறும் கையெழுத்தில் தொகை மட்டும் இருந்தால் முழு விபரத்துடன் வேறொன்று கேளுங்கள். பிறகு கடைக்கு எழுத்தில் ஒரு கோரிக்கை கொடுத்து அதன் பிரதியை வைத்துக்கொண்டு, அவர்கள் மறுத்தால் அதிகார சபைக்கு முறையிடுங்கள். அவர்களின் அவசர அழைப்பிலக்கம் 1977, தலைமை அலுவலகம் வொக்ஸால் வீதியில் இருக்கிறது. வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதால் "அடுத்த கிழமை வாங்கோ" என்று கடைக்காரர் இழுத்தடிப்பதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் வெட்கப்படவும் தேவையில்லை. புறக்கோட்டையில் நானே "ஒரிஜினல்" என்று நம்பி ஒரு கொன்ட்ரோலர் வாங்கினேன். பெட்டி, ஒட்டி, உள்ளே மடித்து வைத்த தாள் எல்லாமே அச்சொட்டாக இருந்தன. வீட்டுக்கு வந்து இணைத்த பிறகுதான் இடது கைப்பிடி மட்டும் அதிர்கிறது, வலது கைப்பிடிக்குள் மோட்டாரே இல்லை என்று கண்டேன்.

கேள்வி: ஓர் இணையச் சந்தையில் கால் விலைக்கு ஒரு கேம் குறியீடு (கணக்கில் பதிந்தால் கேமைத் திறக்கும் எழுத்தும் இலக்கமும்) வாங்கினேன். பதினேழு நாட்களுக்குப் பிறகு கேம் என் கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. விற்றவர் பதிலளிப்பதில்லை. (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: கால் விலை என்ற இடத்திலேயே நீங்கள் நின்றிருக்க வேண்டும். இப்படிப்பட்ட குறியீடுகளில் ஒரு பகுதி திருடப்பட்ட கடனட்டைகளால் வாங்கப்பட்டவை. அட்டைக்குரியவர் வங்கியில் முறையிட்டதும் பணம் திரும்பிப் போகிறது, வெளியீட்டாளர் குறியீட்டை இரத்துச் செய்கிறார், கடைசியில் வாங்கியவர் கையைப் பிசைகிறார். சில சிறு தயாரிப்பாளர்கள் இந்தச் சந்தைகளில் வாங்குவதைவிடத் திருட்டுப் பிரதியை விளையாடுங்கள் என்று பகிரங்கமாகவே சொல்லியிருக்கிறார்கள். விற்றவர் மேல் சந்தையிலும், உங்கள் அட்டைக்குரிய வங்கியிலும் முறையிட்டுப் பாருங்கள். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: என் பிளேஸ்டேசன் கணக்கு சிங்கப்பூர்க் கணக்கு. கடையில் "எந்த கார்டும் வேலை செய்யும்" என்று சொல்லி அமெரிக்க கிஃப்ட் கார்ட் விற்றார்கள். ஏற்க மறுக்கிறது. ஏன் எனக்குச் சிங்கப்பூர்க் கணக்கு என்பதே எனக்குத் தெரியாது, கடைக்காரத் தம்பிதான் தொடங்கித் தந்தார். (கிருலப்பனை வாசகர்)

பதில்: சோனியின் பிளேஸ்டேசன் வலையமைப்பு சேவை வழங்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே இங்குள்ளவர்கள் சிங்கப்பூரையோ இந்தியாவையோ அமெரிக்காவையோ தெரிவுசெய்து கணக்குத் தொடங்குகிறார்கள். கார்ட் அந்தக் கணக்கின் நாட்டுக்குரியதாகவே இருக்கவேண்டும். குறியீடு இன்னும் பாவிக்கப்படாமல் இருப்பதால் அதை மாற்றித் தரவேண்டிய கடமை பொய் சொல்லி விற்ற கடைக்கு உண்டு. குரலை உயர்த்தத் தேவையில்லை, ஆனால் அசையாமல் நில்லுங்கள்.

நம்மைப் போன்ற பட்டியலில் இல்லாத நாட்டவர்கள் ஒருமுறை வென்ற கதையும் இதில் உண்டு. 2024 மே மாதம், ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டைக் கணினியில் வாங்கியவர்களும் இனிப் பிளேஸ்டேசன் கணக்கை இணைத்தே ஆகவேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்கைத் தொடங்கவே வழியில்லாத நாடுகளிலும் அதுவரை அந்த விளையாட்டு விற்கப்பட்டிருந்தது. ஸ்டீமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன. சில நாட்களிலேயே சோனி அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. கூட்டமாகப் பூச்சியம் போடுவதை மேலே திட்டியவன் நான்தான். அந்த வாரம் மட்டும் திட்டவில்லை.

கேள்வி: ஒன்பது வயது மகன் என் அட்டையில் கேமுக்குள் "பெட்டிகள்" வாங்கி நாற்பதாயிரம் ரூபாய் தீர்த்துவிட்டான். (மட்டக்குளி தந்தை)

பதில்: அட்டை இலக்கத்தைத் தொலைபேசியில் சேமித்து, கடவுச்சொல்லும் கேட்காதபடி விட்டது யார்? மகனை ஏசாதீர்கள். வாங்கிய தளத்தில் உடனே பணமீட்பு கோருங்கள், சிறுவர் செய்த கொள்வனவு என்று குறிப்பிடுங்கள், இன்றிரவே கடவுச்சொல் கட்டாயம் என்று மாற்றுங்கள். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் காசு கொடுக்கும் இந்தப் பெட்டிகளைப் பெல்ஜியம் 2018 இலேயே சூதாட்டம் என்று தீர்மானித்துவிட்டது. பெரியவர்களே தடுமாறும் பொறிக்குள் ஒன்பது வயதுப் பிள்ளையைத் தனியே விட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய கேமை நிறுவனம் பிறகு நிறுத்திவிட முடியுமா? (கல்கிசை வாசகி)

பதில்: முடியும், நிறுத்தியும் இருக்கிறார்கள். யூபிசொஃப்ட் வெளியிட்ட த க்ரூ என்ற காரோட்ட விளையாட்டை இணையவழியே இயக்கிய சேர்வர் கணினிகள் 2024 மார்ச் 31 ஆம் திகதி மூடப்பட்டன. தனியாக விளையாடுவதற்கும் சேர்வர் தேவைப்பட்டதால் இறுவட்டை வைத்திருந்தவர்களுக்கும் அது வெறும் தட்டாகிவிட்டது. நீங்கள் வாங்குவது உரிமம், பொருளல்ல என்பதை வாங்கும் இடத்திலேயே சொல்லவேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, அது 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பெட்டியில் "இணைய இணைப்பு அவசியம்" என்று சிறிய எழுத்தில் இருந்தால், அந்த விளையாட்டை வாடகைக்கு எடுப்பதாக நினைத்து விலையைத் தீர்மானியுங்கள். மறுபுறத்தில், சோனியின் கொன்கோர்ட் என்ற விளையாட்டு 2024 ஓகஸ்ட் 23 ஆம் திகதி வெளியாகி இரண்டு கிழமைகளில் மூடப்பட்டபோது முழுப் பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதுவும் நடந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவனாக இருக்கமாட்டேன்.

கேள்வி: அடுத்த ஆண்டு வரப்போகும் ஒரு கேமுக்கு இப்போதே முன்பதிவு செய்தால் விசேட பெட்டி கிடைக்குமாம். செய்யலாமா? (மருதானை வாசகர்)

பதில்: வேண்டாம். தரவிறக்கம் செய்யும் பிரதிகளுக்கு எக்காலத்திலும் தட்டுப்பாடு வரப்போவதில்லை. முன்பதிவால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மதிப்புரையும் வாசிக்காமல் பணம் கட்டும் வசதி மட்டுமே.

இதை எனக்குச் சொல்ல அப்போது ஒருவரும் இருக்கவில்லை. தகரப் பெட்டி, துணியில் அச்சிட்ட வரைபடம், சிறு சிலை என்று விளம்பரத்தில் கண்ட ஒரு விசேட பதிப்புக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே முழுப் பணமும் கட்டினேன். வந்த பெட்டியில் தகரமும் துணியும் சிலையும் இருந்தன. இறுவட்டு இருக்கவேண்டிய பள்ளத்தில் ஒரு துண்டுத் தாள் இருந்தது. அதில் ஒரு குறியீடு, அதுவும் என் கணக்கின் நாட்டுக்குரியதல்ல. வரைபடத்தை மட்டும் சட்டகமிட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வரும் உறவினர்கள் அது எந்த நாடு என்று கேட்கிறார்கள்.