ஆண்டுக்கொரு முறை நாடி பார்ப்பது: தொண்டு நிறுவனங்களுக்கான கேள்வி-பதில்

கணக்கு முடிக்கும் காலம் நெருங்கினாலே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் தொனி மாறிவிடுகிறது. இம்முறை வந்தவற்றில் ஆறு.

ஆடிட்டர் குறையொன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்கு மேலும் ஆண்டு மதிப்பீடு என்று ஒன்று தேவையா?

தேவை. முடிந்த ஆண்டில் நடந்ததைக் கணக்கு உள்ளபடி காட்டுகிறதா என்பதைத்தான் ஆடிட்டர் சொல்கிறார். நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா, செய்த வேலையால் யாருக்காவது பயன் உண்டா என்பதெல்லாம் அவர் பார்ப்பதில்லை. ஆனால் பல ஆடிட்டர்கள் அறிக்கையோடு தனியாக ஒரு கடிதமும் தருவார்கள், நடைமுறையில் கண்ட ஓட்டைகளைக் குறிப்பிட்டு. அது பெரும்பாலும் ஃபைலுக்குள் போய்விடும். கடைசி மூன்று ஆண்டுக் கடிதங்களை மேசைமேல் விரித்துப் பாருங்கள். ‘வங்கிக் கணக்கை மாதந்தோறும் ஒத்துப் பார்க்கவில்லை’ என்ற அதே வரி மூன்றிலும் இருந்தால், கணக்காளரைத் திட்டிப் பயனில்லை. கடிதத்தை நிர்வாகக் குழுவில் யாருமே படிக்கவில்லை என்று அர்த்தம்.

வங்கியில் 40 லட்சம் இருக்கிறது. ஆனாலும் பொருளாளர் ‘கை கடிக்கிறது’ என்று புலம்புகிறார். யார் சொல்வது சரி?

பாஸ்புக்கும் சரி, பொருளாளரும் சரி. அந்த 40 லட்சத்தில் இன்ன திட்டத்துக்கு மட்டும் என்று கொடுத்தவர் குறித்துக் கொடுத்த பணம் எவ்வளவு? 31 லட்சம் என்று வையுங்கள். அதை வாடகைக்கோ அலுவலகச் சம்பளத்துக்கோ எடுக்கக் கூடாது. மீதி 9. அதில் கொடுக்க வேண்டிய பில்கள் 3 போனால் 6. மாதச் செலவு 4 லட்சம் என்றால், புதிதாக நன்கொடை வராத நிலையில் உங்களுக்கு இருப்பது ஒன்றரை மாத மூச்சு. மூன்று முதல் ஆறு மாதச் செலவு கையில் இருக்கட்டும் என்பது இத்துறையில் வழக்கமாகச் சொல்லும் அளவு. வருமானம் ஆண்டுக்கு ஒரே தவணையில் வருகிறதென்றால் அதுவும் போதாது. சிலர் கட்டடத்தின் மதிப்பையும் சேர்த்துக் கையிருப்பு என்று காட்டுவார்கள். சுவரைப் பெயர்த்து விற்றுச் சம்பளம் போட முடியுமா?

கூடவே இன்னொரு கணக்கும் போடுங்கள். மொத்த வரவில் பெரிய நன்கொடையாளர் ஒருவரின் பங்கு எத்தனை சதவீதம்? பாதிக்கு மேல் என்றால், அவருடைய மனமாற்றம்தான் உங்கள் பட்ஜெட். இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் ஆண்டுதோறும் எழுதிவந்தாலே பாதி மதிப்பீடு முடிந்தது.

எங்கள் நிர்வாகச் செலவு 6 சதவீதம்தான். இதைப் பெருமையாக அறிக்கையில் போடலாமா?

போடலாம், நான் பெருமைப்பட மாட்டேன். தொண்டு நிறுவனங்களைப் பற்றி நன்கொடையாளருக்குத் தகவல் தரும் அமெரிக்க அமைப்புகளான கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலயன்ஸ் மூன்றும் சேர்ந்து 2013-ல் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டன. நிர்வாகச் செலவின் சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்று நன்கொடையாளர்களைக் கேட்டுக்கொண்டன. அந்த 6 சதவீதத்துக்குள் என்னென்ன செய்யாமல் விட்டீர்கள் என்பதுதான் என் கேள்வி. நன்கொடையாளர் பட்டியல் முழுவதையும் ஒரே பழைய லேப்டாப்பில் வைத்திருந்த ஓர் இடம் எனக்குத் தெரியும். அது ஒருநாள் கண்ணை மூடியது. பழைய ரசீதுப் புத்தகங்களைப் புரட்டிப் பட்டியலை மறுபடி எழுதவே மூன்று மாதம் ஆனது.

பணியாளர் ஒன்பது பேர். பெயர் போடாமல் கருத்துக் கேட்டோம், எல்லாரும் ‘மிக நன்று’ என்கிறார்கள். நம்பலாமா?

ஒன்பது பேருக்குள் பெயரில்லாத தாள் என்று ஒன்று கிடையாது. ‘எத்தனை ஆண்டாகப் பணியில் இருக்கிறீர்கள்’ என்று ஒரு கேள்வி போட்டாலே ஆள் தெரிந்துவிடும். இது அவர்களுக்கும் தெரியும்.

வாய் சொல்லாததைப் பதிவேடு சொல்லும். இப்படித்தான் ஓரிடத்தில் ‘மிக நன்று’ தாள்களை அடுக்கி என் முன்னே வைத்தார்கள். நான் விடுப்புப் பதிவேட்டைக் கேட்டேன். களப்பணியாளர் இருவர் ஆண்டு முழுக்க ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. மூன்றாமவருக்குக் கடைசி இரண்டு மாதமாகத் திங்கட்கிழமைதோறும் தலைவலி. மறு ஆண்டு நான் போனபோது மூவருமே அங்கில்லை. ஆகவே விடுப்பு, விலகியவர்கள் எத்தனை மாதம் இருந்தார்கள், காலியிடம் எத்தனை நாள் நிரம்பாமல் கிடந்தது என்பதைப் பாருங்கள். விலகுகிறவரிடம் அவருடைய மேலாளர் பேசக் கூடாது. நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்கட்டும்.

எங்கள் குழுவில் எல்லாத் தீர்மானமும் ஒருமனதாகவே நிறைவேறுகிறது. நல்லதுதானே?

மினிட்ஸ் புத்தகத்தை எடுங்கள். ஓராண்டில் ஒரு தீர்மானமாவது ‘கூடுதல் விவரம் வேண்டும்’ என்று தள்ளிப்போனதா? கணக்கு விவரம் உறுப்பினர் கைக்கு ஒரு வாரம் முன்னே போனதா, கூட்டத்தில் டீ வரும்போது போனதா? உறுப்பினரின் உறவினரிடம் பொருள் வாங்கியபோது அவர் அதைச் சொல்லிவிட்டு வாக்கெடுப்பிலிருந்து விலகினாரா? மூன்றுக்கும் இல்லை என்றால், அங்கே நடப்பது கூட்டம் இல்லை, கையெழுத்து வாங்கும் சடங்கு.

நிறுவனர் அம்மா 22 ஆண்டாக எல்லாவற்றையும் தாங்குகிறார். ‘உங்களுக்குப் பிறகு யார்’ என்று எப்படிக் கேட்பது?

கேட்காதீர்கள். மூன்று வாரம் விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள், ஃபோன் இல்லாமல். மோசடியைக் கண்டுபிடிக்க வங்கிகளில் கட்டாய விடுப்பு என்றொரு வழக்கமே உண்டு, அதைச் சொன்னால் தன்னைச் சந்தேகிப்பதாக நினைத்துக்கொள்வார், சொல்ல வேண்டாம். அந்த மூன்று வாரமும் எது எது நின்றது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள்: காசோலைக்கு இரண்டாவது கையெழுத்து, மின்னஞ்சல் கடவுச்சொல், அவரிடம் மட்டுமே பேசுகிற அந்த நன்கொடையாளர். திரும்பி வந்ததும் நோட்டை அவர் கையிலேயே கொடுங்கள். எந்த வரியை முதலில் யாரிடம் ஒப்படைப்பது என்று அவரே பேனாவை எடுப்பார்.