தோட்டத்துப் பதில்கள்: நுனியைக் கிள்ள மனசு வரவில்லையா?

கேள்வி: அக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அம்மா வீட்டு மரத்தடியில் முளைத்திருந்த மூன்று கறிவேப்பிலைக் கன்றுகளை ஜனவரியில் பெயர்த்து வந்து, சமையலறை ஜன்னலோரம் தொட்டியில் வைத்தேன். ஒன்றரை அடி வளர்ந்தும் ஒரே குச்சி, உச்சியில் நாலே இணுக்கு. வாராவாரம் 2:3:2 உரம் ஒரு கரண்டி போடுகிறேன். இலை நுனியெல்லாம் கருகுகிறது. குருத்தைக் கிள்ளிவிடு என்கிறார் மாமியார். எனக்கு மனசு வரவில்லை.
(வாசகி, லெனேசியா, ஜோகன்னஸ்பர்க், தென்னாப்பிரிக்கா)

பதில்: முதலில் அந்தக் கரண்டியைக் கீழே வையுங்கள். உங்கள் கன்றுகளுக்கு அஜீரணம். மண்ணின் மேல் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய், தொட்டி கொள்ளும் தண்ணீரைப் போல மூன்று மடங்கு மெதுவாக ஊற்றி, அடியில் வழிய விடுங்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் வெறும் தண்ணீர்தான். அதுவும் விரலை மண்ணில் ஒரு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும்.

இந்த ஊர் உரப் பையில் எழுதியிருக்கும் கணக்கை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. 2:3:2 என்பது தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) என்ற வரிசை. பக்கத்தில் 22 என்று இருந்தால், நூறு கிலோ உரத்தில் மூன்றும் சேர்ந்து 22 கிலோ என்று அர்த்தம். பங்கு போட்டால் தழைச்சத்து 6.3 கிலோ, மணிச்சத்து 9.4 கிலோ. வேர் பிடிக்க வேண்டிய செடிக்கு அது சரி. நாம் இலை பறிக்கிறவர்கள், நமக்குத் தழைச்சத்து தூக்கலாக இருக்க வேண்டும். 5:1:5 கரையும் உரமாகக் கிடைத்தால் வாங்கி, பையில் சொன்ன அளவில் பாதியைக் கரைத்து, ஈர மண்ணில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் வெந்துவிடும். மே முதல் ஆகஸ்ட் வரை உரமே வேண்டாம், இங்கே குளிர்காலம், செடி தூங்குகிற நேரம்.

அளவு தெரியாமல் போட்டுக் கெடுத்தவள்தான் நானும். டர்பன் பக்கம் டோங்காட்டிலிருந்து இங்கே ஜோகன்னஸ்பர்க்குக்குக் குடிவந்தபோது, பெயின்ட் டின்னில் ஒரு கன்றை வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வந்த மாதமே, சீக்கிரம் வளரட்டும் என்று ஒரு கைப்பிடி வெள்ளை உரத்தை அள்ளிப் போட்டேன். பத்தே நாளில் விளக்குமாற்றுக் குச்சியாக நின்றது.

இனி நுனி. இந்த விஷயத்தில் நான் உங்கள் மாமியார் கட்சி. கறிவேப்பிலையின் உச்சிக் குருத்து, கீழே இருக்கிற பக்க மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைத்திருக்கும். அதை எடுத்தால்தான் அவை கண் திறக்கும். அதனால்தான் உங்களுடையது கொடிக்கம்பம் மாதிரி நிற்கிறது. குச்சியில் மேலிருந்து மூன்றாவது இணுக்கைப் பாருங்கள். அதன் காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில், கடுகுக்கும் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி தெரியும். அதற்கு அரை விரற்கடை மேலே, சுத்தமான கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. வெட்டியதைத் தாளிப்பில் போடுங்கள், மனசு ஆறிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் அந்தப் புள்ளியும் அதற்குக் கீழே உள்ள ஒன்றிரண்டும் செம்பச்சையாகத் துளிர்க்கும். அந்தக் கிளைகள் ஆறு இணுக்கு விட்டதும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள்.

ஆனால் இலை நுனி கருகியிருக்கும் இந்த மாதம் வெட்ட வேண்டாம். உரத்தைக் கழுவி, புதுக் குருத்து நல்ல பச்சையாக வருவதைப் பார்த்த பிறகு. அநேகமாக அக்டோபர். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று என் ஆயா சொல்வார். ஜோகன்னஸ்பர்க்கில் ஆடி பிறந்தால் புல்வெளியில் உறைபனி. நமக்கு வசந்தம் செப்டம்பரில்தான், பட்டமும் அப்போதிலிருந்துதான்.

ஜன்னல் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. இங்கே வெயில் வடக்கிலிருந்து வரும். தெற்குப் பார்த்த ஜன்னலாக இருந்தால், உரமும் வெட்டும் சரியாக இருந்தாலும் செடி வெளிச்சம் தேடி நீண்டுகொண்டேதான் போகும்.

கேள்வி: புளித்த மோர் ஊற்றினால் கறிவேப்பிலை தழைக்கும் என்கிறார்களே, வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்கும் ஊற்றலாமா?
(வாசகர், பீனிக்ஸ், டர்பன்)

பதில்: தோட்டத்து மரத்துக்கு ஊற்றுங்கள். நம் அம்மாமார் எல்லாரும் ஊற்றியதுதான். வீட்டுக்குள் வேண்டாம். நாற்றம் ஒருபுறம், கொசு மாதிரி சின்னப் பூச்சிகள் ஈர மண்ணில் முட்டையிட்டு ஹால் முழுக்கப் பறக்கும். இலை மஞ்சளாகிறது என்றால், எந்த இலை என்று பாருங்கள். அடி இலை முழுசாக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. அதற்கு மோரை நம்பாமல், நர்சரியில் இரும்புச் செலேட் (செடி எளிதில் உறிஞ்சும் இரும்புச்சத்து) வாங்கிக் கரைத்து ஊற்றுங்கள்.

கேள்வி: மகன் தன் அறையில் டகா (கஞ்சா) வளர்த்துக்கொண்டிருந்தான். இப்போது வேலை கிடைத்துக் கேப்டவுன் போய்விட்டான். செடி வளர்க்கும் கூடாரமும் விளக்கும் சும்மா கிடக்கின்றன. அதில் கறிவேப்பிலை வைக்கலாமா? போலீஸ் வந்தால் என்ன சொல்வது?
(பெயர் வேண்டாம், பிரிட்டோரியா)

பதில்: கறிவேப்பிலை என்று சொல்லுங்கள்! கூடாரமும் விளக்கும் வெறும் சாமான்தானே. பெரியவர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்குத் தனியிடத்தில் டகா வளர்ப்பது குற்றமில்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றமே 2018 செப்டம்பர் 18 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. விற்பதற்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை.

நம் செடிக்கு அந்த விளக்கு தாராளம். ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் எரிந்தால் போதும். புறங்கையைச் செடியின் உச்சியில் வைத்துப் பாருங்கள், சுட்டால் இலைக்கும் சுடும், விளக்கைத் தூக்கிக் கட்டுங்கள். கூடாரத்து ஜிப்பைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், காற்று வேண்டும். மின்வெட்டு வந்தால் விளக்கை ஏற்றி அணைக்கும் முள் சுற்றும் டைமர் நின்றுபோய், திரும்ப ஓடும்போது நேரம் பிந்தியிருக்கும், திருப்பி வையுங்கள். நான் மறந்துவிட்டேன். நடுநிசி தாண்டியும் என் ஜன்னலில் ஊதா வெளிச்சம் எரிய, காலையில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, ரொம்ப மரியாதையாக, “ஆன்ட்டி, என்ன வளர்க்கிறீர்கள்?” என்றார். ஒரு கொத்து ஒடித்துக் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் வாங்கிக்கொண்டு போனார்.