ஜெபமும் வேண்டும், ஜாமக்காவலும் வேண்டும்

கேள்வி: ஸ்தோத்திரம் ஐயா. பெருந்துறைப் பக்கம் பைபாஸில் இரவு ரோந்து பார்க்கும் கான்ஸ்டபிள் நான். ஜெபித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அப்புறமும் வருகிற வண்டியையெல்லாம் சந்தேகத்தோடு பார்க்கிறேனே, இது அவிசுவாசமா?
- வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: இல்லைங்க தம்பி. வேதாகமத்தில் நெகேமியா 4:9-ஐ எடுத்துப் பாருங்கள். எருசலேம் அலங்கத்தை, அதாவது நகரின் மதிலை, கட்டியவர்கள் ஜெபமும் பண்ணினார்கள், இரவு பகலாகக் காவலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் வருகிறது. நானும் காக்கி போட்டு ஓய்வு பெற்றவன்தான், அதனால் சொல்கிறேன். ஓடி வரும் லாரிக்கு எதிரே போய்க் கை காட்டாதீர்கள். பக்கவாட்டில், வெளிச்சம் விழும் இடத்தில் நில்லுங்கள். புழுக்கமாக இருந்தாலும் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம். ஓட்டுநரின் முகத்தைவிடக் கையைக் கவனியுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கண் சொக்கும். உட்காராமல் கூட இருப்பவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

என் கவலை வேறு. இந்தச் சந்தேகம் நாளடைவில் கடுப்பாக மாறிவிடும். லூக்கா 3:14-ல் யோவான் ஸ்நானகன் போர்ச்சேவகரை வேலையை விடச் சொல்லவில்லை. மிரட்டிப் பறிக்காதே, பொய்க் குற்றம் சுமத்தாதே, சம்பளம் போதும் என்றிரு என்றார். மஞ்சள் மூட்டையோடு வரும் விவசாயியிடம் "எங்கீங்க போறீங்க?" என்று மரியாதையாகவே கேளுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு டியூட்டி இடித்தால், வார நாளில் ஆயரைப் போய்ப் பாருங்கள்.