பீக் ஃப்ளோ மீட்டரில் வரும் எண்ணை எதனோடு ஒப்பிடுவது?

கேள்வி: எனக்கு வயது 41. நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். ஓராண்டாக ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுத்துவருகிறேன். மருத்துவர் சொன்னபடி பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கி ஒரு வாரமாக ஊதிப் பார்க்கிறேன். காலையில் 340, மாலையில் 430 என்ற அளவிலேயே வருகிறது. கருவியோடு வந்த அட்டவணையோ என் உயரத்துக்கு 560 வர வேண்டும் என்கிறது. கருவி பழுதா, என் நுரையீரல் பழுதா?

பதில்: அந்த 560ஐ இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். காலைக்கும் மாலைக்கும் இடையே விழும் 90 லிட்டர்தான் உங்கள் மருத்துவர் அறிய வேண்டிய செய்தி.

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஒரே வீச்சில் வெளியே தள்ளும்போது காற்று எட்டும் உச்ச வேகத்தை, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று இக்கருவி காட்டுகிறது. மூச்சுக்குழாய்கள் சுருங்கினால் அந்த வேகம் குறையும். கருவிகளோடு வரும் அட்டவணைகள் பலவும் ஐரோப்பியரை அளந்து தயாரிக்கப்பட்டவை என்பதால், அதே வயதும் உயரமும் உள்ள இந்தியர் ஒருவருக்கு நோயே இல்லாதபோதும் எண் குறைவாக வரலாம். ஆகவே, மருந்து ஒழுங்காக எடுத்து மூச்சுத் தொல்லையின்றி இருக்கும் இரண்டு மூன்று வாரங்களில் உங்களுக்குக் கிடைக்கும் அதிகபட்ச எண்ணையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

இனி அந்த 90 லிட்டருக்கு வருவோம். மூச்சுக்குழாய்கள் விடியற்காலையில் சற்றுச் சுருங்கியிருப்பது எல்லோருக்கும் இயல்பு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மிகுதி. 340, 430 ஆகியவற்றின் சராசரி 385. வேறுபாடான 90 அதில் ஏறத்தாழ 23 விழுக்காடு. இப்படி நாள்தோறும் கணக்கிட்டு ஒரு வாரத்துக்குச் சராசரி பார்க்கையில், பெரியவர்களுக்கு அது 10 விழுக்காட்டைத் தாண்டினாலே மிகுதி என்று கொள்கிறோம். நீங்கள் சரியாக ஊதியிருந்தால், உங்கள் ஆஸ்துமா இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்றே பொருள்.

சரியாக ஊதினீர்களா என்பதுதான் அடுத்த கேள்வி. என்னிடம் வருவோரில் பலர் பலூன் ஊதுவதுபோலக் கன்னம் உப்ப நிதானமாக ஊதுகிறார்கள். பிறந்தநாள் மெழுகுவத்திகளை ஒரே ஊதலில் அணைக்கும் வேகம் இதற்கு வேண்டும். நின்றுகொண்டு, முள்ளை அடிக்கு இறக்கி, விரல் முள்ளின் வழியை மறைக்காதபடி கருவியைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். மூச்சை முழுதும் இழுத்து, பல்லுக்கிடையே குழலை வைத்து, உதடுகளால் இறுக மூடி, சட்டென்று ஊதுங்கள். நாக்கு குழல்வாயை அடைத்தாலோ, எச்சில் துப்புவதுபோல ஊதினாலோ, நடுவில் இருமினாலோ எண்ணை நம்ப முடியாது. மூன்று முறை ஊதி, வந்தவற்றில் உயர்ந்ததைக் குறியுங்கள். சராசரி எடுக்க வேண்டாம். எழுந்தவுடன் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, இன்ஹேலருக்கு முன்பாக, எப்போதும் அதே கருவியில் பாருங்கள். இரண்டு கருவிகளின் எண்கள் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை.

உங்கள் உச்ச எண் 450 என்று வைத்துக்கொண்டால் அதில் 80 விழுக்காடு 360, பாதி 225. 360க்கு மேல் இருந்தால் வழக்கமான மருந்து போதும். 360க்கும் 225க்கும் இடையே இருந்தால், மருத்துவர் எழுதிக் கொடுத்த திட்டப்படி மருந்தைக் கூட்ட வேண்டும். 225க்குக் கீழே போனால், மூச்சுக்குழாய்களை விரைவில் விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கணக்குப்படி உங்கள் காலை எண் இப்போதே நடுவரிசையில்தான் நிற்கிறது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறுகிறவர், முள் எதைக் காட்டினாலும் காத்திருக்கக் கூடாது.

உங்கள் வேலையைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. பஞ்சுத் தூசி மூச்சுக்குழாய்களைச் சுருக்கக்கூடியது. வார விடுமுறை முடிந்து ஆலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது பஞ்சுத் தூசியால் வரும் பைசினோசிஸ் என்ற நோயின் அடையாளம். எனவே வேலை நாட்களிலும் விடுமுறையிலும் நாளுக்கு இரண்டுக்குப் பதில் நான்கு முறை, குறைந்தது இரண்டு வாரங்களாவது அளந்து, தேதிக்கு எதிரே ஷிஃப்ட், விடுப்பு, அன்று நின்ற பிரிவு ஆகியவற்றையும் எழுதுங்கள். இரவு ஷிஃப்டென்றால் தூங்கி எழும் நேரமே உங்களுக்குக் காலை. இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாமல், அந்தக் குறிப்புகளோடு நெஞ்சக நோய் மருத்துவரைப் பாருங்கள். தேவையென்றால் அவர் ஸ்பைரோமெட்ரி என்ற நுரையீரல் பரிசோதனையும் எடுப்பார்.