கிளாட் படிக்கும் பெண்ணுக்குப் பாதி வழியில் ஆர்வம் வடிந்தால்

வணக்கம் அம்மா.

கோடை விடுமுறையில் யாரும் எழுப்பாமலேயே எழுந்து படித்த பெண், காலாண்டுத் தேர்வு நெருங்கும் இந்த நேரத்தில் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் நுழைவுத் தேர்வான கிளாட்டின் புத்தகத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) முடிந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்வம் போய்விட்டதா, போன் கெடுத்துவிட்டதா என்பது உங்கள் கேள்வி. போனுக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அவளுக்குச் சட்டம் கசந்துவிட்டதாகத் தெரியவில்லை. முன்னேறுகிறோமா இல்லையா என்று கண்ணுக்கே தெரியாத ஒரு படிப்பை மாதக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கிறாள். அப்படிப் படித்தால் யாருக்கும் சலித்துத்தான் போகும்.

நம் பிள்ளைகளுக்குப் பழகிய படிப்பு வேறு மாதிரி. கணக்குப்பதிவியலில் ஒரு பாடத்தை முடித்து, புக் பேக் கணக்குகளைப் போட்டுப் பார்த்து, அட்டவணையில் ஒரு டிக் அடித்துவிட்டால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம். கிளாட்டில் டிக் அடிக்க எதுவும் இல்லை. 2020-ல் மாறியதிலிருந்து அது பத்தியைப் படித்து விடை சொல்லும் தேர்வு. 120 கேள்விகள், 120 நிமிடங்கள். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு 0.25 குறையும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கொஞ்சம் கணிதம் என ஐந்து பகுதிகள். ஏறக்குறைய 450 வார்த்தைகளுக்கு ஓர் ஆங்கிலப் பத்தி, அதன் கீழே சில கேள்விகள். இதில் 'போர்ஷன் முடிந்தது' என்று எந்த நாளும் சொல்ல முடியாது. நான்கு மணி நேரம் படித்துவிட்டு எழுந்தாலும் என்ன படித்தோம் என்று விரல் விட்டுச் சொல்ல வராது. அந்த வெறுமையைத்தான் வீட்டில் 'ஆர்வம் போச்சு' என்கிறோம்.

இதோடு மாக் டெஸ்ட் மதிப்பெண்ணும் சேர்ந்துகொள்கிறது. முதல் இரண்டு மாதம் அது ஏறும், பிறகு நின்றுவிடும். வாரா வாரம் வினாத்தாளின் கடினம் மாறுகிறது. கோச்சிங் சென்டர்கள் சில தாள்களை வேண்டுமென்றே கடினமாக வைப்பார்கள். போன வாரம் 74, இந்த வாரம் 66 என்றால் அவள் எட்டு மதிப்பெண் கீழே போய்விட்டாள் என்று அர்த்தமில்லை. எத்தனை கேள்வியைத் தொட்டாள், தொட்டதில் எத்தனை சரி என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். 100 கேள்விகளைத் தொட்டு 70 சரியாக்குபவள், 30 தவறுக்கு 7.5 இழந்து 62.5-ல் நிற்பாள். 85 கேள்விகளை மட்டும் தொட்டு அதே 70-ஐச் சரியாக்குபவள் 66.25 எடுப்பாள். மூன்றே முக்கால் மதிப்பெண் வித்தியாசத்துக்குள் எத்தனையோ பேர் நெருக்கியடித்து நிற்கும் தேர்வு இது. அந்த 15 கேள்விகளை விட்டுவிடத் தெரிவதும் ஒரு படிப்புத்தான். ஆனால் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் வீட்டில் இந்த முன்னேற்றம் யார் கண்ணிலும் படாது.

இனி வருவதை மகளிடமே கொடுத்துவிடுங்கள்.

அம்மாடி, 'இன்றைக்கு நான்கு மணி நேரம் படிப்பேன்' என்று முடிவெடுப்பதை முதலில் நிறுத்து. மணிக் கணக்கில் எழுதிய திட்டம் பள்ளி நாளில் நிற்காது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து நீ வீட்டுக்கு வரும்போதே ஆறு மணி. நான்கு மணி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் கிடைத்தது என்றால் அன்றைக்கே தோற்ற மாதிரி தோன்றும். அதற்குப் பதில் எண்ணிச் சொல்லக்கூடிய வேலையாக வை: பள்ளி நாளில் நான்கு பத்தி, ஒரு தலையங்கம். நான்கு பத்திக்குக் கேள்விகளோடு சேர்த்து முக்கால் மணி நேரம் போதும். அதன் பிறகு அந்தப் பத்திகளில் செய்த தவறுகளுக்கு அதே அளவு நேரம். அவ்வளவுதான். மீதி நேரம் பிளஸ் டூ பாடத்துக்கு.

தவறுகளுக்கு என்று ஒரு நோட்டுப் போடு. நிறையப் பேர் இங்கேதான் ஏமாற்றிக்கொள்கிறார்கள். விடைக்குறிப்பைப் பார்த்து 'ஓ, இதுவா' என்று தலையாட்டிவிட்டு அடுத்த டெஸ்ட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். சட்டத் தர்க்கத்தில் இப்படி ஒரு விதி வருகிறது: தன் நிலத்தில் இயல்புக்கு மாறாக ஆபத்தான ஒன்றைச் சேர்த்து வைப்பவர், அது அங்கிருந்து தப்பி வெளியேறிச் சேதம் செய்தால், தன் பக்கம் கவனக்குறைவே இல்லாவிட்டாலும் பொறுப்பாவார். (1868-ல் இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கில் நிலைபெற்ற விதி.) முதல் கேள்வி: ஒருவர் நல்ல இன்ஜினீயர்களை வைத்துப் பெரிய நீர்த்தேக்கம் கட்டுகிறார், அது உடைந்து பக்கத்துத் தோட்டம் மூழ்குகிறது, அவர் பொறுப்பா? 'பாவம், அவர் கவனமாகத்தானே இருந்தார்' என்று இல்லை என்ற விடையைப் போடுவாய். தவறு. இரண்டாவது கேள்வி: ஆலைக்குள் கசிந்த வாயு, வளாகத்துக்குள்ளேயே இருந்த ஊழியரைப் பாதிக்கிறது, இந்த விதிப்படி ஆலை பொறுப்பா? 1985-ல் டெல்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கையும், அதில் உச்ச நீதிமன்றம் ஆலைக்கு விதிவிலக்கே இல்லாத முழுமையான பொறுப்பு என்று சொன்னதையும் நீ எங்கோ படித்திருப்பாய். அந்தத் தெம்பில் 'ஆம்' போடுவாய். அதுவும் தவறு, ஏனென்றால் பத்தியில் இருக்கும் விதி 'வெளியேறி' என்கிறது. வாயு வளாகத்தை விட்டு வெளியேறவில்லை.

முதல் தவறு மனசு சொன்னதைக் கேட்டதால் வந்தது, இரண்டாவது முன்பு படித்த அறிவால் வந்தது. இரண்டிலும் நீ பத்தியை விட்டு வெளியே போயிருக்கிறாய். நோட்டில் 'கே. 43, தவறு, சரியான விடை பி' என்று எழுதினால் பயனில்லை. 'வெளியேறி என்ற வார்த்தையைத் தாண்டிப் போய்விட்டேன், தெரிந்த வழக்கு என்று அவசரப்பட்டேன்' என்று ஒரு வரி எழுது. மூன்று வாரம் எழுதினால் உன் தவறுகள் சில வகைகளுக்குள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது தெரியும். 'பத்திக்கு வெளியே போனது' என்ற வகை போன மாதம் ஒரு டெஸ்ட்டில் ஒன்பது, இந்த மாதம் நான்கு என்று குறைந்தால் அதுதான் நீ அடிக்க வேண்டிய டிக். மொத்த மதிப்பெண் அசையாத வாரத்திலும் இது அசையும்.

நடப்பு நிகழ்வுகளில் பலரும் மாதாந்திரப் பிடிஎஃப்களை மலையாகச் சேர்த்து வைத்து, அதைப் பார்த்தே களைத்துப்போகிறார்கள். தனித்தனித் துணுக்காக மனப்பாடம் செய்யாதே, ஒரு சங்கதியைத் தொடர்ச்சியாகப் பிடி. ஆளுநர் மசோதாக்களை நிறுத்தி வைத்தது தொடர்பாகத் தமிழ்நாடு அரசு போட்ட வழக்கை எடுத்துக்கொள். 2025 ஏப்ரல் 8-ல் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதன் பிறகு குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கேள்விகள் அனுப்பினார். நவம்பரில் அரசியல் சாசன அமர்வு தன் கருத்தைச் சொன்னது. இந்த ஒரு கதையைப் பின்தொடர்ந்தாலே அரசியல் சாசனத்தின் 200, 201, 142, 143 என நான்கு பிரிவுகள் மனப்பாடம் செய்யாமல் மனசில் நிற்கும். இன்னொன்று, ஆங்கிலத் தலையங்கம் கடினமாக இருந்தால் அதே செய்தியைத் தமிழ் நாளிதழில் முதலில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போ. சங்கதி புரிந்த பிறகு மொழி பாதி இளகிவிடும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான் என்பதால் தமிழை அறவே ஒதுக்கச் சொல்லும் ஆலோசனைகள் வருகின்றன. அது எனக்கு உடன்பாடில்லை.

பேப்பரைக் காகிதத்தில் படி. நடப்பு நிகழ்வுகளைப் போனில் படிக்கிறேன் என்று ஆரம்பித்தால் பத்தாவது நிமிடம் 'டாப்பர் எப்படிப் படித்தார்' வீடியோவில் இருப்பாய். அந்த வீடியோக்கள் படித்த மாதிரி ஒரு திருப்தியைக் கொடுத்துவிடும், அதுதான் ஆபத்து. போனை வீட்டை விட்டே துரத்த வேண்டாம். நான்கு பத்தி முடியும்வரை அது ஹாலில் சார்ஜில் இருக்கட்டும்.

மாக் டெஸ்ட்டை மதியம் இரண்டு மணிக்கு எழுது. உண்மையான தேர்வு இரண்டிலிருந்து நான்கு வரைதான். ஞாயிறு காலை குளித்துவிட்டுப் புத்துணர்ச்சியோடு எழுதிப் பழகியவர்களுக்கு, சாப்பிட்டு முடித்த மயக்கத்தில் மூன்று மணிக்கு வரும் தர்க்கப் பத்தி கண்ணைக் கட்டும். அன்று என்ன சாப்பிட்டால் உடம்பு லேசாக இருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்து வை. தேர்வு பேனா, காகிதத்தில்தான். ஓஎம்ஆர் ஷீட்டை அச்செடுத்து வட்டத்தை நிரப்பியே பழகு. கணிதப் பகுதி 10 முதல் 14 கேள்விகள்தான், பத்தாம் வகுப்புத் தரம். காமர்ஸ் எடுத்தோம் என்று அதை அப்படியே விட்டுவிடாதே. சதவீதமும் விகிதமும் நன்றாக வந்தால் அங்கே வேகமாக மதிப்பெண் சேரும்.

சட்டம் ஏன் படிக்க வந்தோம் என்பதே மறந்துபோனால் சுவரில் வாசகம் ஒட்டாதே. அரசியல் சாசன அமர்வு விசாரணைகளை உச்ச நீதிமன்றம் 2022 முதல் நேரலையில் காட்டுகிறது. அரை மணி நேரம் பார். விடுமுறையில் தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால் அவரோடு மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்துவிட்டு வா. சினிமாவில் பார்த்த வசனம் ஒன்றும் இருக்காது. கேஸ் கூப்பிடுவார்கள், வாய்தா போடுவார்கள், அடுத்த கேஸ் கூப்பிடுவார்கள். நடுவில் ஒரே ஒரு குறுக்கு விசாரணை கிடைத்தால் உன் அதிர்ஷ்டம். இவ்வளவையும் பார்த்த பிறகும் திரும்பப் போகத் தோன்றினால் உனக்கு வேறு ஊக்கம் யாரும் தர வேண்டியதில்லை.

மறுபடியும் உங்களிடம் வருகிறேன், அம்மா.

வீட்டில் நிலவும் பயம், இது கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு என்பது. அதை உடைக்க வேண்டியது நீங்கள்தான். கிளாட் மூலம் போகிற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் நம் மாநிலத்தில் திருச்சியில் ஒன்று இருக்கிறது. டெல்லியில் இருப்பதற்கு ஐலெட் என்று தனித் தேர்வு. இவை எதுவும் அமையாவிட்டாலும், தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும் அரசு சட்டக் கல்லூரிகளிலும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசு சட்டக் கல்லூரிகளில் கட்டணமும் மிகக் குறைவு. தேசியப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்குச் சில லட்சம் ஆகும். வங்கிக் கடன் வாங்குவதா, எவ்வளவு முடியும் என்பதை அவளை உட்கார வைத்தே இப்போது பேசிவிடுங்கள். பணத்தைப் பற்றிப் பெற்றோர் பின்கட்டில் கிசுகிசுப்பது பிள்ளைகளுக்குக் கேட்காமல் போவதில்லை. ஏதாவது ஒரு டிகிரி முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டம் படிக்கும் வழியும் திறந்தே இருக்கிறது.

இதனால்தான் பிளஸ் டூ பாடத்தைக் கிளாட்டுக்காகப் பலி கொடுக்க வேண்டாம் என்கிறேன். காலாண்டுத் தேர்வு நடக்கும் நாட்களில் கிளாட்டை ஒரு தலையங்கத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். அதில் குற்ற உணர்ச்சி எதுவும் தேவையில்லை, உங்களுக்கும்தான். டிசம்பரில் கொஞ்சம் நெருக்கடி இருக்கும். கிளாட் பெரும்பாலும் டிசம்பர் முதல் ஞாயிறு வருகிறது. அது முடிந்த சில நாட்களில் அரையாண்டுத் தேர்வு. கிளாட் முடிவும் ஒன்றிரண்டு வாரத்தில் வந்துவிடுவதால், அரையாண்டுத் தேர்வுக்கு நடுவிலேயே ரேங்க் தெரியவரலாம். அந்த வாரம் முடிவை யார் பார்ப்பது, பரீட்சை முடிந்த பிறகு பார்க்கலாமா என்பதை அவளிடம் கேட்டு முன்பே தீர்மானித்து வையுங்கள். விடைக்குறிப்பு தவறு என்று வழக்குகள் போவதும் உண்டு. 2024 டிசம்பரில் நடந்த தேர்வு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதத்தில்தான் தீர்ந்தது. அந்த ஆண்டு எழுதியவர்கள் பொதுத் தேர்வையே இந்தத் தவிப்போடுதான் எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு 'எவ்வளவு?' என்று கேட்காதீர்கள். அப்பாவையும் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் கதவு சாத்தப்படுகிறது. டீ கொடுத்துவிட்டு, 'இன்னைக்கு எந்தப் பத்தி கஷ்டமா இருந்துச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். அவள் அந்த நீர்த்தேக்கத்தின் கதையை உங்களுக்கு விளக்க ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்; புரியாத இடத்தில் நிஜமாகவே 'புரியலையே' என்று சொல்லுங்கள். உங்களுக்குப் புரிய வைக்கும்போது அந்த விதி அவளுக்கு இன்னும் அழுத்தமாகப் பதியும்.

இவ்வளவுக்குப் பிறகும் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, தோழிகளோடு பேசுவதும் நின்று வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் அது படிப்புச் சலிப்பைத் தாண்டிய விஷயம். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், கிளாட் காத்திருக்கட்டும்.

காலாண்டு விடுமுறையில் அவளை ஒரு நாள் அழைத்துவாருங்கள். கடைசியாக எழுதிய மாக் டெஸ்ட் வினாத்தாளும் அந்தத் தவறு நோட்டும் போதும், மதிப்பெண் பட்டியல் வேண்டாம்.