பேஸ்மென்ட்டில் ரேடான் இருக்குமா?

கேள்வி: அமெரிக்காவில் நியூஜெர்சி எடிசனில் வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. அரசின் ரேடான் வரைபடத்தில் எங்கள் மிடில்செக்ஸ் கவுன்டி ஆரஞ்சு. பக்கத்து சாமர்செட் சிவப்பு. ஆரஞ்சுதானே என்று விட்டுவிடலாமா? ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார் பேஸ்மென்ட் அறையில்தான் தங்கியிருக்கிறார்கள். மாமனாருக்கு வேறு ஓயாத இருமல்.

பதில்: முதலில் இருமல். ரேடான் என்பது மண்ணிலும் பாறையிலும் இருந்து கிளம்பும் கதிரியக்க வாயு; அதற்கு நிறமில்லை, மணமில்லை. இருமலாகவோ மூச்சிரைப்பாகவோ உடனே எதையும் காட்டாது. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும். ஆகவே இந்த இருமலுக்குக் காரணம் வேறு. மூன்று வாரம் தாண்டியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். (விசிட்டர் இன்ஷூரன்ஸ் எதைத்தான் தரும் என்று நீங்கள் முனகுவது கேட்கிறது. ஆனாலும் காட்டுங்கள்.) அவர் சிகரெட் பிடிப்பவரா என்று எழுதவில்லை. புகையும் ரேடானும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

இனி வரைபடம். 1993-ல் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்டது அது. பாறை, மண், அஸ்திவார வகை, ஏற்கெனவே அளந்த வீடுகள் இவற்றை வைத்து, கவுன்டிக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள். வீட்டுக் காற்றில் ரேடானின் சராசரி லிட்டருக்கு 4 பிக்கோகியூரிக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் இருக்கலாம் என்றால் சிவப்பு. 2 முதல் 4 வரை ஆரஞ்சு. அதற்கும் கீழே மஞ்சள். கவனியுங்கள், சராசரி. மூன்று நிறப் பகுதிகளிலுமே அளவு மீறிய வீடுகள் உண்டு. நம் ஊரில் போர் போட்டவர்களுக்கு இது புரியும்: பக்கத்து வீட்டில் நூற்றைம்பது அடியில் தண்ணீர், நமக்கு நானூறு அடி போயும் வெறும் புகை. ரேடானும் பாறையிலிருந்து கிளம்பி, தரை விரிசல் வழியே வீட்டுக்குள் நுழைவதுதான்.

1984 டிசம்பரில் பென்சில்வேனியாவின் லிமரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ராஸ், கதிர்வீச்சு அலாரத்தை அலறவிட்டார். நிலையமோ அப்போது மின்சாரம் தயாரிக்கவே தொடங்கவில்லை! கதிர்வீச்சை அவர் வீட்டிலிருந்து சுமந்து வந்திருந்தார். அங்கே அளந்தபோது லிட்டருக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி.

எனவே நிறத்தை விடுங்கள், வீட்டை அளங்கள். கடையில் கரித்தூள் டெஸ்ட் கிட் கிடைக்கும். மாமனார் படுக்கும் அறையிலேயே, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், ஜன்னலை ஒட்டாமல் வையுங்கள். பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும். 'காத்து வரட்டுமே' என்று மாமியார் காலையில் திறந்துவிட்டால் கணக்கு கெட்டுப்போகும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கிட்டில் சொன்ன நாட்கள் முடிந்ததும் அன்றே லேபுக்குத் தபாலில் அனுப்புங்கள். கரித்தூளில் பிடிபட்ட ரேடான் 3.8 நாளில் பாதியாகிவிடும். மேஜையில் கிடந்தால் லேபுக்குக் குறைவாகத்தான் தெரியும்.

4-ஐத் தொட்டால் இன்னொரு முறை அளந்து உறுதி செய்துகொண்டு சரிசெய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இன்னும் கண்டிப்பானது, ஏறக்குறைய 2.7. நானும் அந்தக் கட்சிதான். வைத்தியம் எளிது: சிமென்ட் தரையில் துளைபோட்டு, குழாய் இறக்கி, ஃபேன் வைத்து, அடியில் உள்ள வாயுவைக் கூரைக்கு மேலே இழுத்து விட்டுவிடுவார்கள். ஃபேன் ஓடத் தொடங்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.